காய்கறிக் கூடையில் பதினைந்து கிழங்குகள்

நவம்பர் 3, செவ்வாய்

கணக்கில் நாற்பத்தொன்று. அப்பா விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் இன்னும் கொஞ்சம் மதிப்பெண் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்பதுபோல. பிறகு கொல்லைப்பக்கம் போய் என் கலேடியம் தொட்டிகளை, வண்ண வண்ண இலைக்காக நான் வளர்க்கும் கிழங்குச் செடிகளை, எண்ணினார்.

"பதினொண்ணு. இதுக்குக் காட்டற அக்கறைல பாதி படிப்புக்குக் காட்டினா போதும். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு தொட்டி இங்க இருக்கக் கூடாது. பரீட்சை முடியறதுக்குள்ள நீ மண்ணைத் தொட்டே, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

அம்மாவின் குரோட்டன்ஸ் தப்பித்தது. அது யாரும் கவனிக்காமலே மஞ்சளும் சிவப்புமாக வளர்கிறது.

இதைப் பூகோள நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அப்பா கணக்கு நோட்டை மட்டும்தான் திறப்பார். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் 7, சனி

தொட்டிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். செடிகளைக் கொடுக்கவில்லை.

கலேடியம் இந்த மாதங்களில் தானாகவே இலை வாடிச் சாய்ந்துவிடும். பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்பார்கள். மண்ணுக்குள் கிழங்கு தூங்கிக்கொண்டிருக்கும். தோண்டியெடுத்து, வேரைக் கிள்ளி, நிழலில் உலர்த்திவைத்தால் மூன்று நான்கு மாதம் கழித்து மறுபடி நடலாம். பதினைந்து கிழங்கு தேறியது. வெள்ளை இலையில் சிவப்பு நரம்பு ஓடுவது மட்டும் நான்கு.

எங்கே ஒளித்து வைப்பது? அலமாரி, மேஜை, பை, எல்லாவற்றையும் அப்பா கிளறுவார். கடைசியில் சமையலறைக் கூடையில், சேப்பங்கிழங்குக்கு அடியில் போட்டேன். பழுப்பு நிறம், அதே முடி, அதே உருண்டை. அப்பா சமையலறைக்குள் தண்ணீர் குடிக்கக்கூட வருவதில்லை.

சமையல் அக்கா ஒருநாள் கேட்டாள்: "பூக்கவே தெரியாத செடிக்கு எதுக்கு பாப்பா இவ்ளோ மேக்கப்பு?" அம்மா அலுவலகம் போனபிறகு வீடும் தம்பியும் அவள் பொறுப்பு. பத்து மாதக் குழந்தையை "முதலாளி" என்றுதான் கூப்பிடுவாள். "முதலாளி வயிறு ரொம்பலேன்னா இந்த வீட்ல ஒருத்தருக்கும் வேலை ஓடாது!"

அவளிடம் சொல்லிவைக்கலாமா என்று நினைத்தேன். அவள் வாயில் எதுவும் தங்காது. சொல்லவில்லை.

நவம்பர் 10, செவ்வாய்

அப்பா அலமாரியைக் கிளறினார். ஒன்றும் கிடைக்கவில்லை. நான் கெட்டிக்காரி.

நவம்பர் 13, வெள்ளி

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மாமி வாசலுக்கு வந்து, "உன் தம்பிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. வாயெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாம…" என்றாள். அவளே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

தம்பியின் நாக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. எச்சில் நிற்காமல் ஒழுகியது. அழுகிறான், ஆனால் சத்தம் வரவில்லை. சத்தமில்லாமல் அழும் குழந்தையை நான் பார்த்ததே இல்லை.

மருத்துவர் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். "சேப்பங்கிழங்கு மசிச்சு ஊட்டினேங்க" என்றாள் அக்கா. "சரியா வேகலேன்னா இப்படித்தான் ஆகும். இவ்ளோ சின்னக் குழந்தைக்கு அதையெல்லாம் ஏம்மா குடுக்கறீங்க?" அம்மா அக்கா பக்கம் திரும்பினாள். கிழங்கு உரித்ததில் அக்கா கைகள் இரண்டும் சிவந்திருந்தன, சொறிந்துகொண்டே இருந்தாள். "குழையக் குழைய வேகவச்சேம்மா. என் பிள்ளைக்குச் செய்யற மாதிரிதாம்மா செஞ்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் கூடையைக் கொட்டி எண்ணினேன். பதினொன்று.

நான்கு கிழங்கு. என் தம்பி வாயில்.

நவம்பர் 14, சனி

இன்னும் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் வேறு மருந்து கொடுப்பார்களா? சொல்லாததால் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நர்ஸிடம் போய், "விஷக் கிழங்கா இருந்தா வேற ஊசி போடுவீங்களா?" என்று கேட்டேன். "எதுவா இருந்தாலும் வீக்கத்துக்கு இதே வைத்தியம்தான். நீ போய் உக்காரு கண்ணு" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

எட்டுக் கிழங்கைச் சாக்கடையில் போட்டேன். சிவப்பு நரம்புக் கிழங்கு மூன்று மிச்சம் இருந்தது. போட மனசு வரவில்லை. ஷூவுக்குள் திணித்துவைத்திருக்கிறேன். எனக்கு என்ன ஆகிவிட்டது? தம்பி அங்கே அப்படிக் கிடக்கிறான்!

நவம்பர் 15, ஞாயிறு

தம்பி பால் குடித்தான். நாளை வீட்டுக்கு அனுப்புவார்களாம்.

அக்காவை அம்மா நிறுத்திவிட்டாள். வாசலில் வைத்தே. "உன்னை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்?" ஓயாமல் பேசுகிற அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

நவம்பர் 17, செவ்வாய்

அப்பா செருமினாலே தூக்கிவாரிப்போடுகிறது.

நவம்பர் 18, புதன்

ராத்திரி ஏழு மணிக்கு அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. யாரோ ஒரு அம்மாள், அக்காவை வேலைக்குச் சேர்க்கலாமா, ஆள் எப்படி என்று விசாரித்தாள். அம்மா, "உங்க வீட்லயும் கைக்குழந்தையா? இப்ப இவன் அழறான். காலைல ஒன்பது மணிக்கு நானே கூப்பிடறேன். நிறைய சொல்ல வேண்டியிருக்கு" என்றாள்.

காலை ஒன்பது மணி. அதற்குப்பிறகு அக்காவை எந்த வீட்டிலும் சேர்க்கமாட்டார்கள். குழந்தைக்கு விஷம் வைத்தவள் என்று தெருத்தெருவாகப் பேச்சு போகும்.

சொன்னால் அப்பா என்ன செய்வார்? சொல்லாவிட்டால் அவளுக்கு யார் சோறு போடுவார்கள்? சொல்லப்போகிறேனா? தெரியலையே. எனக்குத் தெரியலையே!

நவம்பர் 19, வியாழன்

சொல்லிவிட்டேன்.

எட்டரைக்கு. அம்மா தலை வாரிக்கொண்டிருந்தாள். முதலில் நம்பவில்லை. "அவ மேல உனக்குப் பாசம், அதுக்காகக் கதை கட்டாதே." ஷூவைக் கவிழ்த்தேன். கூடையிலிருந்து ஒரு சேப்பங்கிழங்கை எடுத்து என் கிழங்குகளோடு சேர்த்து அம்மா கையில் வைத்தேன். "இதுல எது எதுன்னு சொல்லும்மா."

அம்மா ஜன்னல் பக்கம் போனாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றை எடுத்தாள், மறுபடி வைத்தாள். சீப்பு தலையிலேயே குத்தியிருந்தது.

"நானா இருந்தாலும் இதைத்தான் வேகவச்சிருப்பேன்" என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்கா, தெரியவில்லை. பிறகு என் கன்னத்தில் ஒரு அறை. பிறகு போனை எடுத்தாள். குரல் உடைந்து உடைந்து வந்தது: "தப்பு எங்க வீட்டுது. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

சாயங்காலம் அப்பாவிடமும் சொன்னேன். அவர் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மனுஷனா இருக்க மாட்டேன்னு சொன்னீங்களே."

அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். வெகுநேரம் இறங்கி வரவில்லை.

நவம்பர் 22, ஞாயிறு

அம்மாவும் நானும் அக்கா வீட்டுக்குப் போனோம். மறுபடி வரச்சொல்லி அம்மா கேட்டாள். "உங்களுக்குப் போன் பண்ணினாங்களே, அங்க சேர்ந்துட்டேம்மா. வாக்குக் குடுத்தாச்சு" என்றாள் அக்கா. எங்களுக்கு நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 29, ஞாயிறு

காய்கறிக் கடையில் அக்கா நின்றிருந்தாள். என் இடுப்பிலிருந்த தம்பி அவளைப் பார்த்ததும் ஒரே பாய்ச்சல். என்னால் பிடிக்க முடியவில்லை. அவள் வாங்கிக்கொண்டாள். முதல் வேலையாக அவன் தாடையை அழுத்தி வாயைத் திறந்து, வெளிச்சத்தில் திருப்பி, நாக்கைப் பார்த்தாள்.

"முதலாளிக்குச் சரியாயிடுச்சு."

நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பத்து நாளாக வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். தம்பியின் சட்டையை இழுத்துவிட்டேன்.

"அந்த வீட்ல கிழங்கே வாங்காதீங்கன்னு சொல்லிட்டேன் பாப்பா" என்றாள். "உருளைக்கிழங்கைப் பார்த்தாக்கூட கை ஆடுது எனக்கு. சமையல்காரிக்கு உருளைக்கிழங்கு பயம்! வெளிய சொன்னா சிரிப்பாங்க." அவளும் சிரித்தாள்.

பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கீழே இருந்த அவள் பையை எடுத்துக்கொண்டேன். கனமாக இருந்தது. தம்பி அவள் இடுப்பிலும் பை என் கையிலுமாக அவள் இப்போது வேலை செய்யும் வீட்டு வாசல்வரை நடந்தோம். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.