தலையணை உறைக்குள் மாத்திரை

மஸ்கட்

அன்புள்ள அப்பாவுக்கு நிக்கோல் எழுதறது. கர்த்தர் கிருபையில நான் நல்லா இருக்கேன். ஊர்ல நீங்களும் அம்மாவும் சுகமா?

நேத்து வார்டுல, இங்க மகன் வீட்டுக்கு வந்திருக்கற ஆம்பூர் பெரியவர் ஒருத்தருக்கு இதய மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி நாடி பார்த்தேன். ரொம்ப மெதுவா ஓடுது. மாத்திரையை நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். "மருந்து குடுக்காம இன்னா வேடிக்கை?"ன்னு அவர் மகன் கத்தறாரு. பார்த்தா, வீட்டுலேர்ந்து கொண்டாந்த அதே மாத்திரையைத் தலையணை உறைக்குள்ள ஒளிச்சு வெச்சு, பெரியவர் தானாவும் முழுங்கியிருக்காரு! "ரெண்டா போட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்னு பார்த்தேம்மா"ங்கறாரு. இப்ப தேறிட்டாரு. எனக்குத்தான் கோவத்துல அழுகை வந்துடுச்சு.

நீங்களும் பிரஷர் மாத்திரையை மறந்துட்டு, மறுநாள் சேர்த்துப் போடறீங்களாமே? எத்தனை தடவைப்பா சொல்றது? மறந்தா விட்டுடுங்க, ரெண்டா போடாதீங்க.

தினம் மாத்திரை போடறப்ப எனக்கு போன் பண்ணுங்க. பேச ஒண்ணும் இல்லன்னா சும்மா இருமுங்க, கேட்டுக்கறேன். பெல் அடிக்குது, ஓடறேன்.

நிக்கோல்