இடம் மாறிய தட்டுகள்

பிரிக்பீல்ட்ஸ்
11.3.1934, ஞாயிறு

என் வீட்டுக்காரருடைய தட்டுகளை நான் இன்று துடைத்திருக்கவே கூடாது. ரயில் ஓட்டிப் போகிற ஊரிலெல்லாம் தேடித் தேடி வாங்கிச் சேர்த்த பீங்கான் தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நீதிக்கதைப் படம். துடைத்துத் திரும்ப அடுக்கும்போது இரண்டை இடம் மாற்றி வைத்துவிட்டேன், பாவி.

சாயங்காலம் பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸ் அண்ணன் கோப்பி குடிக்க வந்தார். இவர் ஓட்டுகிற ரயிலுக்கு அவர்தான் கார்டு. இவர் வழக்கம்போல அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினார்.

"பாருங்கண்ணே, கொக்கு வாயில மீனு. கீழ நண்டு எப்படிப் பார்க்குது பாருங்க. கிள்ளான்ல வாங்கினது."

தட்டில் இருந்தது சிங்கமும் கிணறும்.

படத்தை விரலால் தொட்டுத் தொட்டுக் கொக்கு கதையை முழுசாகச் சொல்லி முடித்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, கோப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எத்தனை நாளாக இப்படி? சிவப்பு விளக்காவது தெரிகிறதா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேலை போனால் இந்த வீடும் போய்விடும். ஆனால் அந்த ரயிலில் ஏறுகிறவர்கள்...

படுக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "இனிமே தட்டையெல்லாம் இடம் மாத்தாதே."

குரலில் கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "சரிங்க" என்றேன்.

தூங்கிவிட்டார். விடிந்தால் கிள்ளான் ரயில். யூனிபார்மைத் தேய்த்து நாற்காலியில் போட்டிருக்கிறேன், எப்போதும் போடுகிற அதே இடத்தில்.