மலையடிவாரத்தில் எழுதிக் கொடுத்த எண்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஞாயிறன்று லாஸ் ஏஞ்சல்ஸ் மலைப்பாதையில் தனியாக ஏறினேன். ஒரு வளைவில் மலைச்சிங்கம் வழிமறித்து நின்றது. ஓடினால் பாய்ந்துவிடும். மேல்சட்டையைத் தலைக்குமேல் விரித்துப் பிடித்து, நம் ஆடுகளுக்கு நீங்கள் விடும் அத்தனை வசவையும் அதன்மேல் கொட்டினேன். சிரிக்காதீர்கள். அரை மணி நேரம் முறைத்துவிட்டுத்தான் விலகியது.

ஏறுமுன், திரும்பாவிட்டால் யாரை அழைப்பது என்று அடிவாரப் பதிவேட்டில் எழுத வேண்டும். இறங்கியதும் வனக்காவலர் டுவைன் பிடித்துக்கொண்டார்.

“சொன்ன நேரத்துக்கு வரலையேன்னு மெக்சிகோ நம்பருக்கு மூணு தடவை அடிச்சேன், யாரும் எடுக்கல. இந்த ஊர்ல உனக்குன்னு ஒரு ஆளும் இல்லையாம்மா?”

தெரியாத எண்ணை நீங்கள் எடுக்க மாட்டீர்கள். இனி எடுங்கள், அம்மா.

பேருந்து வந்துவிட்டது.

இட்ஸெல்