நான்கு பக்கச் சிவப்புக் கோடு

என் பிரியமுள்ள மாஸ்டருக்கு,

நான் பள்ளிக்கூடத்துக்குச் சண்டை பிடிக்கப் போனேன் என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். கமலாவுக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடம் அவள் வகுப்புக்குப் போதுமா என்று கேட்கத்தான் போனேன். "மாஸ்டரே குழியிலருந்து எந்திரிச்சு வந்தாலும், அந்தம்மா செவப்புப் பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டுத்தான் உள்ள விடும்" என்றும் சொல்கிறார்களாம். அதை நான் மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் நீங்கள் எழுதிய முதல் கடிதத்தையே திருத்தித் திருப்பி அனுப்பியவள்தானே நான்?

கமலாவை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போனபின் தேயிலைத் தோட்டத்து வீட்டை விட்டு, டிக்கோயா ரோட்டோரம் இந்தச் சின்ன வீட்டுக்கு வந்தேன். மேலே தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் மருதாயியின் மகள் அவள், மூன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் இங்கே வருவாள். தாய் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வரும்வரை உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவாள். இந்த வீட்டில் நாள் முழுவதிலும் கேட்கிற மனிதக் குரல் அது ஒன்றுதான்.

போன மாதம் அவள் கொப்பியைப் பின்பக்கமிருந்து புரட்டினேன். ஒரு பக்கம் முழுக்க 'ம'. அடுத்த பக்கம் 'ரு'. பிறகு 'தா'. பிறகு 'யி'. எல்லாம் பெரிது பெரிதாக, கோணல் கோணலாக. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதுவா பாடம்?

"யார் எழுதச் சொன்னது?"

"எழுதணும் மாஸ்டரம்மா" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

படித்த காலத்தில் கன்னியாஸ்திரீகள் எனக்குப் பிழை பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். நான்கு பக்கத்துக்கும் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, கீழே எழுதினேன்: 'பாலர் வகுப்புப் பிள்ளை இதைவிட நன்றாக எழுதும். வெட்கம்.' கொப்பியைக் கமலாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கே போய் அதை அவளிடமிருந்து வாங்கிக் காட்டினேன்.

உங்கள் இடத்தில் இப்போது இருப்பவள் இளம் டீச்சர். ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் தனியாகப் பார்க்கிறாள். நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"முன்பக்கத்தில கணக்கு இருக்குதே, அதுதாங்க கமலாவோடது. பின்பக்கம் அவங்கம்மா எழுதுறது. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போடுற விண்ணப்பப் பாரத்துல கைநாட்டு வைக்க மாட்டேன், பேரைத்தான் எழுதுவேன்னு நிக்கிறாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு புள்ளைகிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. நான்தாங்க எழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

மாஸ்டர், அது வேறு கை என்று எனக்கு ஏன் தெரியவில்லை? நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளி வெடித்த விரலுக்குப் பென்சில் எப்படிப் பிடிபட்டிருக்கும்? நான் கண்டது கோணலை மட்டும்தான்.

அன்று மாலை லயத்துக்கு ஏறிப்போனேன். நான் எழுதியதை முந்தின நாள் மருதாயி மகளைவிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை கடைசிச் சொல்வரை வாசித்திருக்கிறது.

மருதாயி எனக்கு உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள். தேயிலைச் சாயத்தண்ணியும் தந்தாள். "கைநாட்டே போதுங்க மாஸ்டரம்மா. இந்த வயசுல எனக்கு எதுக்குங்க கொப்பியும் பென்சிலும்?" என்று சிரித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்றார்கள். அவர்கள் முன்னால் 'மன்னித்துக்கொள்' என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. கோப்பையைக் காலிசெய்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அதன்பிறகு கமலா வருவதில்லை. நாலு மணியானால் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். உங்கள் நாற்காலி மறுபடியும் வெறும் நாற்காலியாகிவிட்டது. அந்தப் பிரஜாவுரிமைப் பாரம் இந்த மாதக் கடைசியில் போகவேண்டுமாம்.

நான் திருத்தி அனுப்பிய அந்தக் கடிதத்தை நீங்கள் பிழையில்லாமல் மறுபடி எழுதி அனுப்பினீர்களே, உங்களுக்குக் கோபமே வரவில்லையா? நான் ஒருநாளும் கேட்டதில்லை. இனி யாருடைய கை என்று கேட்காமல் அந்தப் பென்சிலைத் தொடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் மனைவி,
கிறிஸ்டினா

மருதாயி, மாஸ்டருக்கு எழுதிய இந்தக் கடிதத்தை உனக்கே அனுப்புகிறேன்; கமலா இதை உனக்கு வாசித்துக் காட்டுவாள். கொப்பியில் வெட்கப்படும்படி ஒன்றும் இல்லை. நான் எழுதிய சொல்தான் பிழை. என்னை மன்னித்துக்கொள். பதிலை யாரிடமும் வாயால் சொல்லி அனுப்பாதே. ஒரு தாளில் உன் பெயரை உன் கையால் எழுதி அனுப்பு.