பத்தொன்பதாவது வீடியோ

பொந்தியான்,
திங்கட்கிழமை

அன்பு மகன் அப்துல் பாசித்துக்கு, அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் சுகம், கடை சுகம், தெப்ராவில் உன் அக்கா பஸீலாவும் பிள்ளையும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பது எங்களைவிடப் பெர்த்தில் பல பேருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரல் ஒன்று வருகிறது, போன் அடித்தால் வகுப்பில் இருக்கிறேன் என்று வருகிறது. பெர்த்திலும் பொந்தியானிலும் ஒரே நேரம்தான் ஓடுகிறது, பாவம், நேர வித்தியாசம் என்ற சாக்குகூட உனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் காகிதம். பக்கத்துக் கடை ஜெயபாலன் அண்ணன் மகள் ஷாமளா விடுமுறை முடிந்து புதன்கிழமை அங்கே திரும்புகிறாள், வியாழக்கிழமை இதை உன் கையில் கொடுப்பாள். சம்பல் கொடுத்தால் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்களாம், கடிதத்துக்குத் தடை இல்லையாம். டிசம்பரில் உன் பட்டமளிப்பு விழாவுக்கு வருவதற்காக அத்தா கோட்டுத் தைக்கக் கொடுத்துவிட்டார், அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

மார்ச் மாதம் நீ எனக்கு ஒரு பட்டியல் அனுப்பினாய். அம்மா, சும்மா என்னையே நெனச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காதீங்க, நல்லா சிரிக்க வைக்கிற ஆளுங்களா பார்த்து ஃபோலோ பண்ணுங்க, டைம் போறதே தெரியாது என்று எழுதி ஆறு பேரைக் கொடுத்திருந்தாய். பெற்றவளை எவ்வளவு அழகாகக் கைமாற்றி விட்டாய். உன்னை ஃபோலோ செய்ய நான் கேட்டது இரண்டு வருடமாக உன் அனுமதிக்கு நிற்கிறது, அது போகட்டும். பிள்ளை சொல்லிவிட்டானே என்று ஆறு பேரையும் பார்த்தேன். ஒருத்தி கடையில் வாங்கிய சீனியைப் பாக்கெட்டிலிருந்து கண்ணாடி ஜாடிக்கு மாற்றுகிறாள், நாற்பதாயிரம் பேர் அவளுக்கு நன்றி சொல்கிறார்கள். நான் முப்பது வருடமாக மாற்றுகிறேன், ஒரு ஆள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இன்னொருவர் காலை ஐந்து மணிக்கு எழுந்துவிட்டேன் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறார். உன் அத்தா நாலு மணிக்கே அடுப்பு மூட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார், விவரம் தெரியாத மனிதர். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பயமுறுத்தி விளையாடுகிற வீட்டைப் பார்த்தேன், அந்தப் புருஷன்காரனுக்கு நெஞ்சு வலி வந்தால்தான் நிறுத்துவார்கள் போல. நீ கொடுத்ததில் ஒரு பூனை மட்டும் பரவாயில்லை, அது பேசுவதில்லை. சந்தோஷம் தராத ஆளை உடனே விட்டுவிட வேண்டும் என்று ஒரு விதி வேறு எழுதியிருந்தாய். அந்த விதியை நம் சொந்தக்காரர்களிடமும் காட்டலாம் என்றால் பெருநாளுக்கு நான் இரண்டே கோழி வாங்கினால் போதும்.

உன் ஆறு பேரையும் விட்டுவிட்டு நானாகத் தேடினேன். மகன் இருக்கிற ஊர் எப்படி இருக்கும் என்று பார்ப்போமே என்று பெர்த், மலேசியா, சாப்பாடு என்று தட்டினேன், தேன்மொழி கிடைத்தாள். நம் ஊர்ப்பக்கம் செடெனாக்கில் பிறந்தவளாம், கட்டிக்கொடுத்து அங்கே போனவளாம். வாரம் ஒரு மலேசியச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் உட்கார்ந்து, கூசாமல் திட்டுகிறாள். இதுக்குப் பேரு லக்ஸாவா, லோங்காங் சாக்கடைத் தண்ணி லா இது என்று கடைக்காரன் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். நாசி லெமாக்கில் நெத்திலியை எண்ணிக் காட்டினாள், ஏழு. நான் சிரித்த சிரிப்பில் அத்தா சமையலறைக்கு ஓடி வந்து, என்னா ஆச்சு உனக்கு என்று கேட்டார். நீ சொன்னது சரிதான் மகனே, நல்ல ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் நேரம் போவதே தெரியவில்லை. பதினெட்டு கடையைக் கிழித்தவள் பத்தொன்பதாவது கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக்கை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். பிறகு, யாரு ஆத்தினது இது, அந்த ஆளைக் காட்டுங்க என்றாள். முதலில் கழுத்துக்குக் கீழே கையும் இடுப்பும் காலும்தான் தெரிந்தன. கடைசி ஊற்று ஊற்றும்போது அந்த ஆளின் இடது முட்டி லேசாக மடங்கியது.

உலகத்தில் தே ஆற்றும்போது முட்டியை மடக்குகிற மனிதர் ஒருவர்தான் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவரைத்தான் கட்டியிருக்கிறேன். பொந்தியானே கேலி செய்கிற முட்டி அது. செத்தாலும் இந்தக் கடையில நின்னு தே ஆத்த மாட்டேன் என்று பதினேழு வயதில் கத்திவிட்டுப் போனவன், கடல் தாண்டிப் போய் அடுத்தவன் கடையில் நின்று ஆற்றுகிறாய். மெத்தப் படித்த பிள்ளை. கேமரா மேலே வந்தது, தொப்பிக்குக் கீழே நீ. தம்பி எந்த ஊரு என்று அவள் கேட்டாள், பொந்தியான் என்றாய். யாரு சொல்லிக் கொடுத்தா என்றாள், எங்க அத்தா, அவரு ஆத்துறதுல பாதி கூட எனக்கு வராது லா அக்கா என்றாய். நாலு மாதத்துக்குப் பிறகு உன் குரலை அங்கேதான் கேட்டேன். மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன், அழுதேன், மறைக்கவில்லை. பிறகு பஸீலாவைப் பிடித்தேன். நீ படிப்பை விட்டு எட்டு மாதம் ஆகிறது, அக்காவுக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும், பெர்த்தில் தே குடிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். உறையின் மேல் உன் அறை முகவரியைப் போடாமல் கடை முகவரியைப் போட்டிருக்கிறேனே, இப்போது காரணம் புரியும்.

எனக்குக் கோபமா என்றால், ஆமாம், நிறையக் கோபம். கணக்குப் புத்தகம் உனக்கு ஒத்துவரவில்லை என்றால் அதைச் சொல்ல வாய் இல்லையா. அத்தா கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு காலிச் சட்டம் மாட்டியிருக்கிறார், உன் பட்டப் படம் வருவதற்கு. யாருங்க இது, படத்துல ஆளே இல்லையே என்று கேட்கிறவர்களுக்கெல்லாம், கணக்காளர், வந்துக்கிட்டிருக்காரு என்று பதில் சொல்கிறார். நீ தே ஆற்றுகிறாய் என்று கேட்டால் அவர் உடைந்துவிட மாட்டார். தன்னைப் பற்றி நீ சொன்ன அந்த ஒரு வார்த்தையை ஊரே கேட்டபிறகு தான் கடைசியில் கேட்டோமே என்றுதான் உடைவார். அதை நீயே உன் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன், பஸீலாவையும் சொல்ல விடமாட்டேன்.

ஆனால் நானும் சும்மா இருக்கவில்லை. உன் யோசனையின்படியே, அத்தாவும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அவர் போனிலும் தேன்மொழியை ஃபோலோ செய்து கொடுத்துவிட்டேன். மத்தியானக் கூட்டம் கலைந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு ஒன்று பார்க்கிறார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவிப்பு வரைக்கும் ஒரு வரி விடாமல் படிக்கிறவர், இதையும் அடியிலிருந்து, அவள் போட்ட முதல் வீடியோவிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறார். தாவிப் போகச் சொன்னால், அது அந்தப் புள்ளைக்கு மரியாதை இல்ல என்கிறார். இன்றைக்குப் பதினொன்று முடிந்தது. நீ கணக்குப் படித்தவன், மிச்சத்தை நீயே போட்டுக்கொள்.

நாள் முழுக்க நிற்கிற வேலை, காலுக்கு நல்ல சப்பாத்துப் போடு, வெறும் வயிற்றில் நிற்காதே, சூட்டுக் காயத்துக்கு மருந்து கைவசம் வைத்துக்கொள். ஷாமளாவுக்கு ஒரு தே போட்டுக் கொடு, சும்மா அனுப்பாதே. அத்தாவைக் கடை போனில் கூப்பிடு, மூன்று மணிக்குமேல் கூட்டம் இருக்காது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் கொஞ்சம் தைரியத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மீரா பீவி

புதன் காலை. உறையை ஒட்டுவதற்குமுன் இதையும் எழுதிவிடுகிறேன். நேற்று நல்ல மழை, கடையில் ஆளே இல்லை. அத்தா ஒரே இருப்பில் ஐந்து பார்த்துவிட்டார், பதினாறு முடிந்தது.