லைனிங் வைத்த வலை

ஜூலை 4

குளத்து நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் எத்தனை என்று மதிப்பிட வாளி நல்லதா, வலை நல்லதா? இதுதான் என் ஆய்வு. வாளியில் மொண்டால் வந்ததை வந்தபடி எண்ணலாம். வலையை இழுத்தால் நீர் வெளியேறி, உயிர்கள் மட்டும் நுனியில் கட்டிய குப்பியில் தங்கும். பள்ளியிலிருந்து ஓர் ஆய்வுதான் கண்காட்சிக்குப் போகும். அது என்னுடையதாக இருக்க வேண்டும். அடக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 6

வலை தயார். அப்பா தையல்காரர். மெல்லிய சல்லடைத் துணியைக் கொடுத்தேன். மாப்பிள்ளைக் கோட்டுக்கு உண்டான சிரத்தையோடு தைத்திருக்கிறார். "இழுத்துப் பாரு, கிழியாது" என்றார்.

ஜூலை 9

லிட்டருக்கு வாளியில் நாற்பத்தொன்று. வலையில் இரண்டு. அதில் ஒன்று நூலாக இருக்கலாம்.

ஜூலை 10

அறிவியல் மிஸ் பார்த்தார். "வலையில சின்னது கொஞ்சம் தப்பிச்சுப் போகும். அதுக்காக இவ்வளவா? எங்கயோ சொதப்பியிருக்க. திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா எரிமலைய அனுப்பிடுவேன்."

எரிமலை என்பது பக்கத்து வகுப்பு செய்தது. சோடா உப்பு, வினிகர். நுரை வரும். அவ்வளவுதான்.

தங்கையைக் கேட்டேன். "வலையப் பாத்து எல்லாம் ஓடியிருக்கும்க்கா" என்றாள். நான் சிரிக்கவில்லை. முதல் கருதுகோளாக எழுதிக்கொண்டேன்.

ஜூலை 11

ஓடவில்லை. வலையைக் குளியலறைக் குழாயடியில் பிடித்தேன். நீர் வெளியேறாமல் நிறைந்து, என் காலில் கொட்டியது. உள்ளே கைவிட்டுப் பார்த்தால் வழுவழுவென்று இன்னொரு துணி. அப்பா லைனிங் வைத்திருக்கிறார். இத்தனை நாள் நான் இழுத்தது வலையே இல்லை, பை. ஒருமுறை நிறைந்தால் புது நீர் உள்ளே வராது; இழுத்த தூரத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டுதான் வரும்.

எப்படிச் சொல்வது? கடைக்கு வருகிற எல்லாரிடமும் வலையைப் பற்றியே பேசுகிற மனுஷன்கிட்ட போய் — நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 12

நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 13

சொல்லிவிட்டேன். அப்பா வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லைனிங் இல்லாம எப்படிம்மா குடுக்கறது? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"குளத்துல இருக்கறது எதுவும் நெனக்காதுப்பா."

பிரித்துக் கொடுத்தார். குளத்துக்கும் கூடவே வந்தார்.

ஜூலை 14

வலையில் முப்பத்திரண்டு. மிஸ் எரிமலையைப் பற்றிப் பேசவில்லை.

ஜூலை 26

கண்காட்சி. மேசையில் வாளி, வலை, லைனிங் வைத்த வலை. மூன்றாவது வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். "நடந்தத மறைச்சா அது என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டு, அப்பாவே புதிதாக ஒன்று தைத்துத் தந்தார்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், என் இடத்தில் நின்று நடுவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். "இதுல ரெண்டுதான் மாட்டுச்சு சார். நான் தைச்சது. இழுத்துப் பாருங்க, கிழியாது."

நடுவர் இழுத்துப் பார்த்தார். கிழியவில்லை.