இரண்டாவது இஞ்சினுக்கு இடமில்லை

2014 ஜனவரி 6, திங்கள்

படகு புக்கிங்குக்குப் புது பாரம் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. பழைய பாரத்தில் ஒரு கட்டம் உண்டு: இஞ்சின் – சிவப்பா, நீலமா, சொந்தமா. பதினொரு வருடமாக நான் கேட்டுக் கேட்டு டிக் போட்ட கட்டம். அதைக் காணவில்லை. திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெறும் வெள்ளை. அந்த இடத்தில் அச்சடித்தே வந்திருக்கிறது: சிவப்பு, ஒன்று.

எங்கள் கடற்கரையில் யாரும் கம்பெனி பெயர் சொல்வதில்லை. இஞ்சின் மூடியின் நிறம்தான் பெயர். சிவப்புக் கம்பெனிக்குத்தான் நவம்பரில் ராஜையன் முதலாளி புதுக்கடை ஊரில் இருக்கும் இந்தப் படகுப் பட்டறையை விற்றார். குளச்சல் பக்கம் இருந்த மற்றப் பெரிய பட்டறையை அதற்கு முன்பே நீலக் கம்பெனி வாங்கிவிட்டது. இங்கே வந்தால் சிவப்பு, அங்கே போனால் நீலம். பிடித்த படகும் பிடித்த இஞ்சினும் சேர்ந்து வேண்டும் என்றால்? கடலில் நீந்திப் போக வேண்டியதுதான்!

ஜனவரி 8

பாரம் மட்டுமில்லை, படகு வார்க்கும் அச்சையும் மாற்றிவிட்டார்கள். இஞ்சின் மாட்டும் பின்பலகை முன்பு ஒரே மட்டமாக இருக்கும், இரண்டு இஞ்சின் அருகருகே உட்காரும். இப்போது நடுவில் மட்டும் தாழ்வு, இரு பக்கமும் ஒரு முழம் உயரம். நடுவில் சிவப்பு ஒன்று உட்காரலாம். வேறு எதையும் தொங்கவிட இடமில்லை.

நம் ஆட்கள் தூரக் கடலுக்கு ஒற்றை இஞ்சினோடு போகவே மாட்டார்கள். இரண்டு வேண்டும், இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்க வேண்டும். ஒன்றைப் படுக்கப்போட்ட கேடு மற்றதைத் தொடாது என்பது நம்பிக்கை. இது சென்னையிலிருந்து வந்த மேனேஜருக்குத் தெரியுமா? சொன்னேன். "பாதுகாப்புக்காகத்தான் மேடம் இந்த டிசைன்" என்றார். யாருடைய பாதுகாப்பு என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

செல்வதாஸ் அண்ணன்தான் இங்கே ஃபைபர் போடுகிறவர், இருபது வருடக் கை. அவர் அச்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "படகு செய்யச் சொல்லல மக்கா, இஞ்சினுக்கு ஸ்டாண்டு செய்யச் சொல்லுகாங்க" என்றார்.

ஜனவரி 21, செவ்வாய்

அண்ணன் வந்தான். அம்மா போன பிறகு நானும் அண்ணன் மரியஜானும் அவன் மனைவி, என் மைனி லிஜாவும் ஒரே வீடு. காலையில் ஒரே பானைக் கஞ்சி குடித்துவிட்டு வந்தவனிடம் "உட்காருங்க சார், பெயர் சொல்லுங்க" என்று கேட்கவேண்டிய பிழைப்பு எனக்கு. அவனுடைய பழைய வள்ளம் அடியில் விரிசல் விட்டுப்போயிற்று. இந்த வருடம் புதிது எடுத்தே ஆகவேண்டும்.

"வள்ளம் மட்டும் போதும் ஏட்டி. நீலம் எனக்கிட்ட நல்லாத்தானே கெடக்கு?"

"சிவப்பு சேர்த்துதான் தருவாங்க அண்ணே."

"சரி, சிவப்பும் இருக்கட்டும். பக்கத்துல நீலத்தையும் மாட்டுகேன்."

"மாட்ட இடமில்ல. பலகைய அறுத்தா கேரண்டி போச்சு."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஒத்த இஞ்சின்ல என்னய தூரத்துக்கு அனுப்புகியா நீ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். "புது இஞ்சின், நிக்காது. என் வேலைக்கு உல வச்சிராத. அறுக்கமாட்டேன்னு சொல்லு" என்றேன். அண்ணன் மாற்றம் எதுவும் செய்யமாட்டேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

நான் சொன்னது சரிதானே? கம்பெனி இஞ்சின் ஏன் நிற்கப்போகிறது?

பிப்ரவரி 12

வள்ளம் அச்சிலிருந்து இறங்கியது. அண்ணன் தடவித் தடவிப் பார்க்கிறான். மைனி பின்பலகையைப் பார்த்துவிட்டு என்னை முறைக்கிறாள். பார்க்கட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

பூசை முடிந்ததும் கரையில் வள்ளம் மந்திரிப்பு. ஃபாதர் நன்றாக ஜெபித்தார், கொஞ்சம் நீளம். அம்மா இருந்தவரை எந்தப் புது இஞ்சின் வந்தாலும் மந்திரித்த தண்ணீரில் ஒரு மடக்கு எண்ணெயில் விடுவாள். எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் விடுவார்கள். பழைய இஞ்சின்கள் இரண்டு இருமல் இருமிவிட்டு ஓடும். இந்த முறை அம்மா இல்லை, நான் செய்தேன். சிவப்பின் டேங்க் மூடி எனக்குத் திறக்க வரவில்லை. பக்கத்தில் உபரி பெட்ரோல் கேன் இருந்தது, அதில் விட்டேன். பாட்டிலில் பாதிக்கு இருந்தது. மந்திரித்த தண்ணீரை மண்ணில் கொட்டக்கூடாதே, முழுவதையும் விட்டுவிட்டேன்.

இரண்டாவது இஞ்சின் இல்லாத குறை எனக்கும் உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. இப்போது மனசு ஆறியது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

விடியும்போது அண்ணனும் மூன்று பேரும் போனார்கள். இந்த வள்ளத்தில் முதல் தூரக் கடல். நாளை மதியம் கரை ஏறிவிடுவார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

மதியம் போய் சாயங்காலமும் ஆகிவிட்டது. வரவில்லை. போன் எடுக்கவில்லை.

மைனியிடம் "எண்ணெய் போதுமா இருந்திருக்கும்ல?" என்று சும்மா கேட்டேன். "தூரம் போறதால அந்த உபரி பெட்ரோல் கேனையும் எடுத்துட்டுப் போனாரு" என்றாள்.

அந்தக் கேன்.

மாதாவே, அந்தக் கேன்.

மார்ச் 19, புதன், காலை

யோசிக்கவே கூடாது என்று நினைக்கிறேன். யோசனை அங்கேயேதான் போய் நிற்கிறது. டேங்க் தீர்ந்ததும் கேனை ஊற்றியிருப்பான். பழைய இஞ்சின் என்றால் இருமும், கழற்றித் துடைத்தால் ஓடும். சிவப்பு அப்படி இல்லையாம். தண்ணீர் உள்ளே போனால் நின்றுவிடும், கம்பெனி ஆள் வந்து கம்ப்யூட்டர் மாட்டித்தான் எழுப்ப வேண்டும். இதை எனக்குச் சொன்னது யார்? நானே. என் மேசையில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்து, வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகப் படித்துக் காட்டியவள் நான்.

இரண்டாவது இஞ்சின் வேண்டாம் என்றதும் நான். இருந்த ஒன்றை நிறுத்தியதும் நான். யாராவது என்னை அடித்தால் நன்றாக இருக்கும்.

அதே நாள், மதியம்

நம் ஊரிலிருந்து ஆறு வள்ளம் தேடப் போயிருக்கிறது. காற்று மேற்கே இழுக்கிறது என்கிறார்கள். பட்டறைக்கு ஓடினேன். மேனேஜர், புகார் எண் பதிந்திருக்கிறதா என்று கேட்டார். கடலில் நிற்கிற இஞ்சினுக்கு ஆள் அனுப்ப வழி உண்டா என்றேன். "கரைக்குக் கொண்டுவந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பார்ப்பார்கள்" என்றார். அவர் நல்ல மனுஷன்தான், தண்ணீர்கூடக் கொடுத்தார். அந்தத் தம்ளரை அவர் மேலேயே எறியலாம் போல இருந்தது.

வெளியே செல்வதாஸ் அண்ணன் பிடித்து நிறுத்தினார். "பயப்படாத மக்கா. அவன் வெறுங்கையோட போவல்ல." என்னவென்று கேட்டால் வேறு பக்கம் பார்க்கிறார்.

வீட்டில் மைனி கதவோடு ஒட்டி நிற்கிறாள். "நீதானே கையெழுத்து வாங்கினது? இப்ப நீயே போய்க் கூட்டிட்டு வா" என்றாள். கேனைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்.

மார்ச் 20, வியாழன்

வந்துவிட்டார்கள். நாலு பேரும். காலை பதினொன்றரைக்கு.

வள்ளம் வரும் சத்தத்திலேயே மைனி கண்டுபிடித்துவிட்டாள். "இது நீலமாக்கும்! எங்க நீலத்துக்க சத்தம்!" என்று மணலில் விழுந்து எழுந்து ஓடினாள். பின்பலகையில் ஒரு பக்கம் கோணல்மாணலாக அறுத்திருக்கிறது. அங்கே நீலம் தொங்கிக்கொண்டு கரகரவென்று ஓடுகிறது. நடுவில் சிவப்பு, பொம்மை மாதிரி.

அண்ணன் நீலத்தையும், அதற்கு வேண்டிய மண்ணெண்ணெயையும், ஒரு கைரம்பத்தையும் வலைக்கு அடியில் ஒளித்துக்கொண்டுதான் போயிருக்கிறான்! எது வரை அறுத்தால் வள்ளம் தாங்கும் என்று செல்வதாஸ் அண்ணன் உள்பக்கம் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

செவ்வாய் காலையே சிவப்பு நின்றுவிட்டதாம். பலகையில் கை வைத்தது புதன் காலையில். "ஒரு நாள் முழுக்க என்னத்துக்கு அண்ணே சும்மா கெடந்தீங்க?" என்று கத்தினேன்.

உதடு வெடித்த வாயோடு சொன்னான்: "உனக்க கையெழுத்து கெடக்கே ஏட்டி. அறுத்தா உனக்க வேல போவுமேன்னு பாத்தேன். சிவப்பு எப்படியும் எழும்பும்னு இழுத்து இழுத்துப் பாத்தோம். குடிதண்ணி தீந்த பொறவுதான் ரம்பத்த எடுத்தேன்."

எல்லோர் முன்னாலும் மணலில் உட்கார்ந்து அழுதேன். எவள் என்ன நினைத்தால் எனக்கென்ன.

மார்ச் 24, திங்கள்

கம்பெனி மெக்கானிக் சிவப்பைத் திறந்து பார்த்தார். உள்ளே தண்ணீர். பலகையைப் படம் எடுத்தார். மேனேஜர் அறிக்கை தயாரித்து என் மேசையில் வைத்தார்: வாடிக்கையாளர் படகை அனுமதியில்லாமல் வெட்டியதால் பழுது, கேரண்டி ரத்து. சாட்சி – ஷெர்லி, அதாவது நான். "நாளைக்குள் கையெழுத்து வேண்டும் மேடம்."

அறுத்ததாலா பழுது? பழுதானதால்தானே அறுத்தான்? ஆனால் தண்ணீர்... தண்ணீருக்கு நான் எங்கே போவேன்?

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடமும் மைனியிடமும் சொல்லிவிட்டேன். அரை பாட்டில், கேன், எல்லாம். மைனி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அண்ணன், "அம்ம ஒரு மடக்குதான் விடுவா. நீ ஆசப்பட்டு அரை பாட்டில் விட்டிருக்க. போவட்டும், உனக்க தண்ணி நிறுத்திச்சு, எனக்க களவு கொண்டு வந்துச்சு" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. எனக்கும்.

மார்ச் 25

அவர் அடித்த தாளில் கையெழுத்துப் போடவில்லை. வேறு தாள் எடுத்து நானே எழுதினேன்:

கேனில் தண்ணீர் விட்டது நான். படகின் சொந்தக்காரருக்குத் தெரியாது. இஞ்சின் நின்றது செவ்வாய்க்கிழமை. பலகையை அறுத்தது புதன்கிழமை. இரண்டாவது இஞ்சினை மாட்டியிருக்காவிட்டால் நாலு பேரின் சாவுக்கு நான் சாட்சி ஆகியிருப்பேன். எல்லாப் படகிலும் பின்பலகையைப் பழைய மட்டத்துக்கு மாற்றித் தர வேண்டும்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "இதை மேலே அனுப்பினால் முதலில் உங்க வேலைதான் போகும்." அனுப்புங்கள் என்றேன். மடித்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். ராஜையன் முதலாளிக்குப் போன் செய்தேன். "நான் வித்தது பட்டறையத்தான் பிள்ளே, இவ்வளவும் சேத்து வித்துட்டேன்னு தெரியாது" என்றார்.

ஏப்ரல் 16

கேரண்டி இல்லை என்று கடிதம் வந்தது. என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. சிவப்பு சாக்கு சுற்றி வீட்டுப் பின்னால் கிடக்கிறது. அண்ணன் நீலத்தோடு கரைக்குப் பக்கத்திலேயே போய்வருகிறான். மைனி நேற்றுத்தான் எனக்கு மீன் வறுத்து வைத்தாள்.

ஜூன் 9, திங்கள்

ஜான்ரோஸ் என்று ஒருவர் இன்று டெலிவரி எடுத்தார், மனைவியும் வந்திருந்தாள். பாரத்தில் அதே வரி, அதே அச்சு. சிவப்பு, ஒன்று. நான் முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பலகையை அறுத்தால் கேரண்டி போகும் என்பதை இரண்டு முறை சொன்னேன். எண்ணெயில் தண்ணீர் ஒரு சொட்டுகூட ஆகாது, மந்திரித்ததானாலும் ஆகாது, வெளியே தெளித்தால் போதும் என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். செல்வதாஸ் அண்ணனிடம் பென்சில் வாங்கிக்கொண்டு வள்ளத்துக்குள் ஏறினேன். பின்பலகையின் உள்பக்கம், அவர் காட்டிக் கொடுத்த இடத்தில், அளவு பார்த்துக் கோடு போட்டேன்.

"அது என்னத்துக்கு அடையாளம்?" என்று ஜான்ரோஸ் கேட்டார்.

"இது வர அறுத்தா வள்ளம் தாங்கும். பழைய இஞ்சின் வீட்டுல இருக்கா?"

"கெடக்கு."

"வித்துராதீங்க. ரம்பத்தையும் சேத்து வலைக்கு அடியில வைங்க. நின்ன ஒடனே எடுக்கணும், யாருக்க வேல போவுமோன்னு பாத்துட்டு இருக்கப்பிடாது."